நாக்குக்கு மேலே எஞ்சியிருக்கும் மரம்

டொரண்டோவின் பழைய குடியிருப்புத் தெருக்களில் ஒரு வீடு விற்பனைக்கு வரப்போகிறது என்பதை, வாசலில் அறிவிப்புப் பலகை நடுவதற்கு முன்பே, உள்ளேயிருந்து வரும் இயந்திர ஓலத்தைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். மரத்தரையைத் தேய்த்துப் புதுப்பிக்கிறார்கள். வாங்க வருபவரின் கண் முதலில் தரையில்தான் விழும் என்பது தரகர்களின் அனுபவம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படித் தேய்க்கப்படும் தரைகள் எல்லாம் உண்மையிலேயே தேய்க்கப்பட வேண்டியவைதானா என்ற ஐயம் எனக்குள் நெடுநாளாக இருந்தது. எங்கள் வீட்டுத் தரையைப் புதுப்பிக்க முடிவு செய்தபோது அது இன்னும் வலுத்தது. விலை சொல்ல வந்தவர்கள் எல்லோரும் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: வெறும் மரம் தெரியும்வரை முழுவதையும் தேய்த்துவிட்டு, அதன்மேல் மூன்று பூச்சு பூசிவிடலாம். அவர்களில் ஒருவர்கூட மண்டியிட்டுத் தரையைத் தொட்டுப் பார்க்கவில்லை. இந்தப் பலகையில் இன்னும் எவ்வளவு மரம் மீதமிருக்கிறது என்று கேட்கவும் இல்லை. எங்கள் ஊரில் கதவு இழைக்க வரும் ஆசாரி, பலகையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி அதன் விளிம்பை நீளவாக்கில் பார்த்த பிறகுதான் இழைப்புளியைக் கையில் எடுப்பார். அந்தப் பார்வை இங்கே யாரிடமும் இல்லையே என்ற குறை என்னை விடவேயில்லை.

எங்கள் வீடு 1920களில் கட்டப்பட்டது. முன்னறையிலும் உணவறையிலும் இரண்டையும் சமையலறையோடு இணைக்கும் நடையிலும் வெள்ளை ஓக் பட்டிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன; சுவரை ஒட்டி அறையைச் சுற்றிலும் வால்நட் மரத்தால் ஒரு மெல்லிய கறுப்புக் கரை ஓடுகிறது. ஓக் மரத்தை ஆண்டு வளையங்களுக்குச் செங்குத்தாக வரும்படி அறுத்திருப்பதால், மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் பரவும் கதிர்த் திசுக்கள் மேற்பரப்பில் வெள்ளிக் கீற்றுகளாக மின்னுகின்றன. அப்படி அறுத்த பலகை ஈரத்தில் அகலவாக்கில் குறைவாகவே உப்பும் என்பதால் தரைக்கு மிகவும் ஏற்றது. நாங்கள் குடிவந்தபோது இந்த அழகில் பெரும்பகுதி அழுக்கேறிய பூச்சுக்குள் மறைந்திருந்தது. வாசலிலிருந்து சமையலறை வரை ஆட்கள் நடக்கும் தடம் சாம்பல் நிறத்தில் வெளிறிப் போயிருந்தது. முன்னறைச் சன்னலுக்குக் கீழே, யாரோ பல ஆண்டுகள் பூந்தொட்டி வைத்திருந்த இடத்தில், ஒரு கறுப்பு வளையம் பதிந்திருந்தது.

தேய்ந்த தரை என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறுபட்ட நிலைகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். மரத்தின்மேல் இருக்கும் பூச்சு தேய்ந்திருப்பது ஒன்று. மரமே அடிபட்டிருப்பது இன்னொன்று. பூச்சு என்பது மயிரிழை அளவே வரும் ஒரு மெல்லிய படலம். காலணியோடு உள்ளே வரும் மணல் துகள்கள் அந்தப் படலத்தைவிடக் கடினமானவை. குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பும் சேர்ந்துகொள்ளும். இவை கீறி மங்கச் செய்வது பெரும்பாலும் படலத்தை மட்டும்தான். எது எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். தரையில் விட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால், பூச்சு நலமாக இருக்கும் இடத்தில் சொட்டு உருண்டு திரண்டு அப்படியே நிற்கும். பூச்சு போய்விட்ட இடத்தில் மரம் அதை உறிஞ்சிக் கறுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரை முழுவதும் ஓரடிக்கு ஒரு சொட்டாக விட்டுப் பார்த்தேன். நடைத் தடத்தில் மட்டுமே மரம் கறுத்தது. மற்ற இடங்களில், பார்வைக்கு எவ்வளவு மங்கியிருந்தாலும், சொட்டு நின்றது. பரப்பில் பெரும்பகுதிக்கு மரத்தைத் தேய்க்கவே தேவையில்லை என்பதற்கு அதுவே முதல் சான்று.

காற்றுத்துளையின் மூடிக்கு அடியில்

இருந்தாலும் முழுவதும் தேய்ப்பதில் என்ன கேடு என்ற கேள்வி மீதமிருந்தது. பூச்சு நன்றாக இருந்தாலும் தேய்த்துவிட்டால் எல்லாம் ஒரே நிறமாக, ஒரே மட்டமாக வந்துவிடுமே. அதற்கு விடை கிடைத்த இடம், சூடான காற்று வருவதற்காகத் தரையில் வெட்டப்பட்டிருக்கும் துளை. அதன் இரும்பு மூடியைத் தூக்கி எடுத்தால், பலகைகள் வெட்டப்பட்ட முனை வெளியே தெரியும். எந்த வீட்டிலும் தரையின் குறுக்குவெட்டை உடைக்காமல் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. கைவிளக்கை உள்ளே சாய்த்துப் பிடித்துப் படுத்துக்கொண்டு பார்த்தேன். அதுவரை நான் ஒரு மேற்பரப்பாக மட்டுமே நினைத்திருந்த தரைக்கு ஒரு கனம் இருந்தது. அந்தக் கனத்துக்குள் ஓர் எல்லையும் இருந்தது.

பட்டிகள் ஒன்றோடொன்று இணைவது நாக்கும் காடியுமாக. ஒரு பட்டியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு அடுத்த பட்டியில் வெட்டிய பள்ளமான காடிக்குள் நுழைந்து நிற்கும்; ஆணியை நாக்கின் வழியே சாய்வாக அடித்திருப்பதால் அது மேலே தெரியாது. ஆகவே ஒரு பலகை எவ்வளவு தடிமனாக இருந்தாலும், அதில் தேய்த்துச் செலவழிக்கக் கூடியது நாக்குக்கு மேலே இருக்கும் மரம் மட்டும்தான். அதைத் தாண்டினால் காடியின் மேலுதடு மெலிந்து சிம்பு சிம்பாகப் பெயரும், ஆணித்தலைகள் வெளியே எட்டிப் பார்க்கும். அதன்பின் அந்தத் தரையைப் பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. இன்று கடைகளில் கிடைக்கும் முழு மரப்பட்டியின் வழக்கமான தடிமன் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். அதில் நாக்குக்கு மேலே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் மரம் இருக்கும். எங்கள் வீட்டுப் பட்டிகளோ, இந்நகரின் பல பழைய வீடுகளில் இருப்பதைப் போல, 3/8 அங்குலம் மட்டுமே, அதாவது பத்து மில்லிமீட்டருக்கும் குறைவு. புதிதாக இருந்தபோதே நாக்குக்கு மேலே மூன்று மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டித்தான் இருந்திருக்கும். நான் அளந்தபோது இருந்தது இரண்டு.

அளவில் பிழை இருக்குமோ என்ற ஐயத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சிறிய அலமாரி அறையையும் திறந்து பார்த்தேன். நடையின் ஓக் பட்டிகள் அதற்குள்ளும் தொடர்ந்து செல்கின்றன. ஆனால் பெரிய இயந்திரம் அங்கே நுழைய முடியாது. நடையிலிருந்து அறைக்குள் விரலை ஓட்டிச் சென்றால், கதவுநிலைக்குக் கீழே ஒரு சிறு படி விரலில் தட்டுப்படுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்தப் படிதான் முன்பிருந்த உரிமையாளர்கள் எடுத்துவிட்ட மரம். உள்ளே ஒரு மூலையில் பஞ்சில் எரிசாராயத்தை நனைத்துத் தேய்த்தபோது பூச்சு இளகிப் பிசுபிசுத்தது. அது அரக்கு. பாலியூரித்தேன் எனும் இன்றைய செயற்கைப் பூச்சு வருவதற்கு முந்தைய காலத்தில் வட அமெரிக்க வீடுகளின் தரைகளுக்கு அரக்கும் மெழுகும் பூசுவது வழக்கம். உலகச் சந்தைக்கான அரக்கில் பெரும்பங்கு அன்று கல்கத்தா வழியாகத்தான் கப்பலேறியது. அந்த அலமாரிக்குள் இருப்பது வீடு கட்டியபோது பூசிய முதல் பூச்சாகவே இருக்க வேண்டும்.

ஒருமுறை முழுமையாகத் தேய்ப்பதற்கு, கை தேர்ந்தவர் செய்தாலும், ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் மரம் போகும். பழகாத கையில் அது இரு மடங்காகவும் ஆகலாம். இரண்டு மில்லிமீட்டரில் அதைக் கழித்துப் பார்த்தபோதுதான், எனக்குள் தீராமல் இருந்த கேள்வி தெளிவான வடிவம் பெற்றது. இந்தத் தரையை இன்னும் ஒருமுறை முழுதாகத் தேய்க்கலாம். பெருந்துணிச்சல் இருந்தால் இரண்டு முறை. அந்த ஒருமுறையை, நீர் ஒட்டாமல் நிற்கும் நல்ல பூச்சை எடுப்பதற்காக இப்போதே செலவழிக்க வேண்டுமா? வேண்டாம் என்று அங்கே படுத்திருந்தபடியே முடிவு செய்தேன்.

இயந்திரத்தைப் பற்றி

வாடகைக்குக் கிடைக்கும் டிரம் இயந்திரத்தின் மேல் எனக்குப் பகையில்லை. தரை மேடுபள்ளமாக இருந்தாலோ, நாய் மூத்திரம் ஊறி மரமே கெட்டிருந்தாலோ, பழைய பெயிண்ட் அப்பியிருந்தாலோ அதற்கு மாற்றில்லை. ஆனால் அது செயல்படும் விதத்தை அறிந்துகொண்டே அதைத் தொட வேண்டும். சுழலும் உருளையின்மேல் உப்புத்தாள் சுற்றப்பட்டிருக்கும். நடக்கத் தொடங்கிய பிறகே உருளையைத் தரையில் இறக்க வேண்டும், நிற்பதற்கு முன்பே தூக்கிவிட வேண்டும். இறங்கிய உருளையோடு ஒரு நொடி நின்றாலும் அங்கே ஒரு பள்ளம் விழும். முதலில் 36 அல்லது 40 எண் கொண்ட கரடான தாள், பிறகு 60, பிறகு 80, முடிவில் 100 அல்லது 120 என்று எண் ஏற ஏறத் தாள் நைசாகும். பழைய பூச்சை எடுப்பது முதல் தாள் மட்டுமே. அடுத்தடுத்த தாள்களின் வேலை முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பது. நேரத்தை மிச்சப்படுத்த நடுவில் இரண்டு படிகளைத் தாண்டினால், கரடான தாளின் கீறல்கள் அடியில் நின்றுவிடும். வெறும் மரத்தில் கண்ணுக்குப் படாத அவை, பூச்சு ஏறிய மறுநாள் சன்னல் வெளிச்சத்தில் தெரியும். மிகவும் நைசாகத் தேய்ப்பதும் நல்லதல்ல. மரம் மெருகேறிப்போய்ச் சாயத்தையும் பூச்சையும் பிடித்துக்கொள்ள மறுக்கும்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் தாமாகவே இந்த வேலையைச் செய்பவர்கள் அதை அசட்டையாக விடுவதைப் பார்க்கிறேன். மரத்தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்திருக்கிறது. 1960க்கு முன் கட்டிய கனடிய வீடுகளில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்க வாய்ப்பு மிகுதி என்பதால், தரையிலும் சுவரடிப் பலகையிலும் ஈயம் இருக்கிறதா என்று சோதித்த பிறகே எதையும் தேய்க்கலாம். தரைவிரிப்பைத் தூக்கும்போது அடியில் ஒன்பது அங்குலச் சதுரமான பழைய ஓடுகளோ கறுப்புப் பசையோ தெரிந்தால், ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று ஆய்வகம் சொல்லும்வரை கை வைக்கவே கூடாது.

எதிர்த் தரப்பு

எங்கள் தெருவில் ஒரு முதியவர் இருக்கிறார். இத்தாலியிலிருந்து இளம் வயதில் வந்து, வாழ்நாள் முழுவதும் தரை வேலையே செய்தவர். என் திட்டத்தைக் கேட்டதும் அவருக்கு உடன்பாடில்லை. அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமலே இருக்கலாம் என்றார். அவருடைய காரணங்கள் வலுவானவை. பழைய பூச்சின்மேல் புதியது ஒட்டுமா என்பதற்கு உறுதியில்லை. இடையில் யாராவது மெழுகோ சிலிக்கோன் கலந்த பளபளப்புத் திரவமோ தடவியிருந்தால், புதுப்பூச்சு குழி குழியாக விலகும், அல்லது சில மாதங்களில் தோலாக உரியும். பிறகு எல்லாவற்றையும் தேய்த்தே ஆக வேண்டும். அப்போது பழி வேலை செய்தவன்மேல்தான் விழும். தேய்த்த இடமும் தேய்க்காத இடமும் நிறத்தில் ஒன்றாமலும் போகலாம். கூலிக்கு வேலை செய்பவர் இந்த இரண்டு இடர்களையும் தம் தலையில் ஏற்றிக்கொள்ள மறுப்பது நியாயமே. விலை சொல்ல வந்தவர்களின் ஒரே மாதிரியான பதிலுக்குப் பின்னால் இருக்கும் காரணம் எனக்கு அவர் வழியாகத்தான் விளங்கியது. அவர்கள் மரத்தை மதிக்காதவர்கள் அல்ல. உத்தரவாதம் கொடுக்கக் கூடிய ஒரே வழியைச் சொல்கிறார்கள். ஆனால் தரை என்னுடையது, உத்தரவாதம் எனக்குத் தேவையில்லை. கொஞ்சம் நிற வேறுபாட்டோடு வாழ்வதற்கு எங்கள் வீட்டில் எல்லோரும் தயார்.

ஒட்டுமா என்ற கேள்விக்கு ஊகம் தேவையில்லை. சோஃபாவுக்கு அடியில் மறையும் ஒரு மூலையில், கையளவு இடத்தைக் கழுவி, 150 எண் தாளால் மெல்ல மங்கச் செய்து, வாங்கவிருந்த பூச்சையே பூசி, நன்கு இறுகும்வரை விட்டுவைத்து, பிறகு நாணயத்தின் விளிம்பால் அழுத்திச் சுரண்டினேன். தூளாக உதிரவில்லை, செதிலாகப் பெயரவும் இல்லை. அதன்பின் வேலை இரண்டாகப் பிரிந்தது. நடைத் தடத்தில் மட்டும், கையால் இழுக்கும் சுரண்டு தகட்டைக் கொண்டு சாம்பல் நிற மேற்படிவை எடுத்து, சிறிய கை இயந்திரத்தில் 80, 100, 120 என்று தாள் மாற்றினேன். கூரான தகடு மரத்தைத் தூசியாக்காமல் சுருள் சுருளாகச் சீவி எடுக்கும். எவ்வளவு மரம் போகிறது என்பது ஒவ்வோர் இழுப்பிலும் கையிலேயே தெரியும். மற்ற பரப்பு முழுவதையும் வட்டமாகச் சுழலும் மெருகு இயந்திரத்தின் அடியில் நைசான வலைத்தாளைப் பொருத்தி, பூச்சின் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் உரசினேன். அங்கே மரத்தைத் தாள் தொடவேயில்லை.

கறுப்பு வளையம்

பூந்தொட்டியின் கறைக்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். ஓக் மரத்தில் டானின் எனும் துவர்ப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. தொட்டியிலிருந்து கசியும் நீரோடு சிறிதளவு இரும்பும் சேரும்போது, டானினும் இரும்பும் கூடிக் கறுப்பு நிறமாகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். அது மேற்பூச்சில் இல்லை, மரத்தின் துளைகளுக்குள் இறங்கியிருக்கிறது. தேய்த்தே போக்குவது என்றால் அந்த இடத்தில் நாக்குவரை போக வேண்டியிருக்கும். ஆக்சாலிக் அமிலக் கரைசல் இரும்புக் கறையை வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் அமிலத்தைப் பிறகு நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும், மிச்சம் காய்ந்து தூளானால் மூச்சுக்குக் கேடு. வெளுத்த இடம் சுற்றியுள்ள பழுத்த நிறத்தோடு சேராமல் ஒரு புதிய வட்டமாக நிற்கவும் கூடும். அப்போது கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா, நான் அந்த இடத்தருகே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “யாரோ செடி வளத்த இடம்தானேடா, இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. வளையத்தின்மேலும் மற்ற இடத்தைப் போலவே பூச்சு மட்டும் பூசினேன்.

பட்டிகளுக்கு இடையே தெரியும் இடுக்குகளையும் அடைக்கவில்லை. டொரண்டோவின் குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக் காற்று வறண்டு மரம் சுருங்கும், கோடையின் ஈரத்தில் மீண்டும் உப்பும். குளிரில் திறந்த இடுக்கைப் பார்த்து மக்கு வைத்து அடைத்தால், கோடையில் பலகைகள் நெருங்கி அதைப் பிதுக்கி வெளியே தள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை மூடித் திறக்கும் இடுக்கு மரத்தின் இயல்பு.

பூச்சில் எதைத் தேர்வது என்பதை நிறம் முடிவு செய்தது. நீர் கலந்த பாலியூரித்தேன் விரைவாகக் காயும், வாடை குறைவு, நிறம் மாறாது. வேறொரு வீட்டில் அதைத்தான் தேர்ந்திருப்பேன். ஆனால் எங்கள் பழைய பூச்சு காலத்தால் தேன் நிறமாகப் பழுத்திருந்தது. சுரண்டிய தடத்தில் நீர்ப்பூச்சு போட்டால் அந்தத் துண்டு மட்டும் வெளிறியே நிற்கும். எண்ணெய் கலந்த பாலியூரித்தேன் தொடக்கத்திலேயே இளமஞ்சளாக இருந்து மேலும் பழுக்கும் என்பதால் அதை வாங்கினேன். பளபளப்பானதை விட்டு, மங்கலான மெருகு தருவதை எடுத்தேன். ஒட்டுவேலையை அதுதான் மறைக்கும். முதலில் தடத்தில் மட்டும் பூச்சேற்றி மற்ற பரப்புக்கு இணையாக்கி, உரசி, கடைசிப் பூச்சை மட்டும் அறை முழுவதும் பலகையின் போக்கிலேயே, ஈரமான விளிம்பு காய்வதற்குள் அடுத்த இழுப்பு அதன்மேல் படும்படி இழுத்தேன். வெந்நீர்க் கொதிகலனின் சிறுசுடரை அணைத்துவிட்டு, சன்னல்களைத் திறந்து வைத்து, குடும்பத்தோடு உறவினர் வீட்டில் தங்கினோம்.

பூச்சு நனைந்த துணிகளை மட்டும் குப்பைத்தொட்டியில் வீசாமல், வெளியே சிமெண்ட் தளத்தில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்தேன். எண்ணெய்ப் பூச்சு காய்வது வெறுமனே ஆவியாவதால் அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால். அந்த வினையில் வெப்பம் பிறக்கிறது. கசங்கிக் குவிந்த துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவில் 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா எரிந்தது இப்படித்தான். 22ஆவது மாடியில் மரப்பலகை வேலைக்குப் பயன்படுத்திய, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளிலிருந்து கிளம்பிய அந்தத் தீ, தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்த 30ஆவது மாடியில்தான் அடங்கியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் அதில் உயிரிழந்தார்கள். இந்தச் செய்தியை, தரை வேலையைத் தாமே செய்யப்போகும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தரை இப்போது புதிதுபோல இல்லை. மாலை வெயில் சாய்ந்து விழும்போது நடைத் தடம் சுற்றுப்புறத்தைவிட ஒரு சாயல் இளமையாகத் தெரிகிறது. தெருவின் முதியவர் வந்து பார்த்தார். தாமாக இருந்தால் முழுவதும் தேய்த்திருப்பேன் என்று அப்போதும் சொன்னார், பிறகு காற்றுத்துளையின் மூடியைத் தாமே தூக்கிப் பலகையின் முனையை வெகுநேரம் பார்த்தார். ஓக்கின் வெள்ளிக் கீற்றுகள் மீண்டும் தெரிகின்றன, வால்நட் கரை தெளிந்திருக்கிறது, மரம் கிட்டத்தட்ட முழுதாக மிஞ்சியிருக்கிறது. இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதிகம் நடமாடும் இடங்களில் அவ்வப்போது ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்ப்பது. சொட்டு திரண்டு நிற்கும் காலத்திலேயே, படலம் மங்கத் தொடங்கியதும் மேலாக உரசி இன்னொரு பூச்சைப் பூசிவிட்டால், மரத்தைத் தொட வேண்டிய தேவை வராது. மரம் கறுக்கும்வரை காத்திருந்தால் மீண்டும் தகட்டைக் கையில் எடுக்க வேண்டியிருக்கும், அந்த இரண்டு மில்லிமீட்டரிலிருந்து மீண்டும் கொஞ்சம் போகும்.